ஒல்லி இருபது

பத்து குள்ளம். இருபதும் ஐம்பதும் ஒரே உயரம், ஆனால் இருபது ஒல்லி, ஐம்பது குண்டு. நூறு நெட்டை. ஐநூறு அதைவிட நெட்டை. ஆயிரம் படுத்தால் கட்டிலுக்கு வெளியே கால் நீட்டும். ரூபாய் நோட்டுகளைச் சொந்தக்காரர்களைப் போல இப்படி விவரித்த ஒரே ஆளை நான் கும்மிடிப்பூண்டி ரயிலில்தான் பார்த்தேன். அவருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. பெயர் ஒன்று இருந்திருக்கும். எட்டு வருடம் ஒரே பெட்டியில் போய்வந்தும் நான் கேட்டதில்லை. 'அண்ணா' என்று கூப்பிட்டேன், அதுவே பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். என் லட்சணம் அப்படி.

எனக்கு வீடு பொன்னேரியில், வேலை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில். இரும்பு வார்த்து மோட்டார் உறுப்புகள் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். வெர்னியர் என்கிற அளவுகோலை வைத்துக்கொண்டு, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்புகிற உத்தியோகம். பட்டறை ஆட்கள் எனக்குப் பின்னால் என்னைத் திட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அளவு விஷயத்தில் நான் தப்பு செய்ய மாட்டேன் என்பது கம்பெனியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

அவர் மீஞ்சூரில் ஏறுவார், நான் பொன்னேரியில் ஏறுவேன். அவருக்குப் பூர்வீகம் ஆந்திர எல்லையோரம் எளாவூர்ப் பக்கம், வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கு. பணம் அவருக்கு டப்பு. பெட்டியில் இருக்கிற ஆண்கள் எல்லாருமே நைனா. தோளில் ஒரு பெரிய கம்பி வளையம். அதில் சீப்பு, சாவிக்கொத்து, நகவெட்டி, ரயில் பாஸ் கவர், சார்ஜர் ஒயர் எல்லாம் தொங்கும். "பாஸ நனைய வுடாத நைனா, கவர போடு! சீப்பு கீது, ஒயரு கீது!" என்று குரல் கொடுத்துக்கொண்டே நெரிசலுக்குள் எப்படியோ வழி கண்டுபிடித்து வருவார். யாருடைய காலையும் மிதித்து நான் பார்த்ததில்லை. கண் தெரிந்தவன்தான் மிதிப்பான்.

நோட்டு கைக்கு வந்ததும் அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. இடது கையை விரித்து, நோட்டின் ஒரு முனையை நடுவிரல் நுனியில் வைத்து, மீதியை உள்ளங்கை மேல் நீவி விடுவார். மறு முனை எங்கே வந்து விழுகிறது என்பதுதான் கணக்கு. ஆயிரம் என்றால் மணிக்கட்டு ரேகை. அதற்கு அரை விரல்கடை முன்னால் ஐநூறு, இன்னும் அரை விரல்கடை முன்னால் நூறு. பிறகு கட்டைவிரலால் குறுக்கே ஒரு தடவல், ஒல்லியா குண்டா என்று பார்க்க. எல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். பாக்கிச் சில்லறை உடனே கைக்கு வரும், ஒரு ரூபாய் பிசகாது.

என்னோடு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற முரளி, ஒருநாள் காலண்டர் தாளை நூறு ரூபாய் அளவுக்கு வெட்டி, கசக்கிக் கொஞ்சம் பழசாக்கி, அவர் கையில் கொடுத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான். அவர் உள்ளங்கையில் வைத்து நீவினார். "ஒயரம் சரி, அகலமும் சரி. ஆனா இது நோட்டு இல்ல நைனா, ஆடி மாசம்" என்று திருப்பிக் கொடுத்தார். உண்மையிலேயே அது ஆடி மாதத் தாள்தான். எண்கள் அச்சான தடம் விரலுக்குத் தெரிந்ததோ, சும்மா அடித்துவிட்டாரோ, தெரியாது. பெட்டியே சிரித்தது. முரளிக்கு அது ஒரு வாரம் வரைக்கும் பேஜாராக இருந்தது.

ஒன்றை மட்டும் அவர் செய்யவே மாட்டார். 'இது எவ்வளவு நோட்டு?' என்று யாரிடமும் கேட்க மாட்டார். ஈரத்தில் ஊறிய நோட்டு, ஓரம் கிழிந்த நோட்டு, ஒட்டுப் போட்ட நோட்டு எது வந்தாலும் நின்று நிதானமாகத் தடவிப் பார்ப்பார், முடியாவிட்டால் வேறு கேட்பார். நான் ஒருமுறை உதவி செய்கிற தோரணையில் "கேட்டா சொல்ல மாட்டோமாண்ணா?" என்றேன்.

"சொல்லுவ நைனா. நீ சொன்னா நான் நம்பணும். நம்பறதுக்கு கோயிலுக்குப் போலாம். நான் வியாபாரம் பண்ணினு கீறேன்" என்றார்.

அந்த விறைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மற்றவர்களுக்கு அது திமிராகத் தெரிந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. கண் தெரியாதவன் என்றால் கொஞ்சம் குனிந்து நிற்க வேண்டும் என்று எங்கள் பெட்டியில் பலருக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது. அவர் குனியவில்லை.

2016 நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று ராத்திரியோடு ராத்திரியாகச் சொன்னார்களே, அப்போது அவர் தொலைந்தார் என்றுதான் நான் நினைத்தேன். நடந்தது வேறு. மறுநாள் காலையில் பெட்டியில் பாதிப் பேர் தங்கள் ஐநூறை அவர் தலையில் கட்டப் பார்த்தார்கள். முப்பது ரூபாய் நகவெட்டிக்கு ஐநூறு, பத்து ரூபாய் கவருக்கு ஆயிரம். அவர் உள்ளங்கையில் நீவிப் பார்த்து, "இது நேத்து செத்துப்போச்சு நைனா, இன்னிக்கு எங்கிட்ட தூக்கினு வர்ற" என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். அந்த மாதம் முழுக்க படித்தவர்களும் பட்டம் வாங்கியவர்களும் வங்கி வாசலில் கால்கடுக்க நின்றோம். அவரை ஒருவனாலும் ஏமாற்ற முடியவில்லை. அவரைக் கவிழ்த்தது அந்த ராத்திரி இல்லை. அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாக, அழகழகான நிறத்தில் வந்த புது நோட்டுகள்தான்.

முதலில் ரெண்டாயிரம் வந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "டப்பா இது? மிட்டாய் சுத்தின காயிதம் மாறி கீது" என்றார். அதில் சிப் இருக்கிறது, பூமிக்கு அடியில் புதைத்தாலும் மேலிருந்து கண்டுபிடித்துவிடுவார்கள் என்று முரளி அவரிடம் சத்தியம் செய்தான். பிறகு புது ஐநூறு, இருநூறு, ஐம்பது, பத்து, நூறு, கடைசியில் இருபது. ஒவ்வொன்று வரும்போதும் பெட்டியில் அதன் நிறத்தைப் பற்றி ஒரு சர்ச்சை நடக்கும். "புது நூறு ஊதாவாமே? நல்லா கீதாமே?" என்று அவர் கேட்பார். கேட்கும்போது அவர் முகத்தில் கேலியா வருத்தமா என்று தெரியாது.

ஒரு நாடு எதற்காக நோட்டை மாற்றுகிறது என்று ஒருநாள் அவரே என்னிடம் கேட்டார். நான் பேப்பர் படிக்கிறவன் ஆயிற்றே, விடுவேனா? கவரைப்பேட்டை தாண்டுகிற வரைக்கும் பிரசங்கம் செய்தேன். கள்ளநோட்டு அடிக்கிறவன் பழைய நோட்டைப் படித்துவிடுகிறான், அதனால் சில வருடத்துக்கு ஒருமுறை புதிதாக வரைந்து அவனைக் குழப்ப வேண்டும். நோட்டு கைமாறிக் கைமாறிப் பிய்ந்துபோகிறது, எப்படியும் புதிதாக அடிக்கத்தான் வேண்டும். புது ஆட்சி தன் அடையாளத்தை நோட்டில் பார்க்க ஆசைப்படும். விலைவாசி ஏறினால் புது மதிப்பில் நோட்டு தேவைப்படும். எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்றேன்.

"அதெல்லாம் படத்த மாத்தறதுக்கு நைனா. அளவ இன்னாத்துக்கு மாத்துனாங்க?"

"பர்ஸ்ல மடிக்காம வெக்கலாம். சின்னதா அழகா இருக்கும்."

"பர்ஸு கீறவனுக்கு."

"உங்களுக்காகவும் பண்ணியிருக்காங்கண்ணா. நூறுலேர்ந்து மேல இருக்கிற நோட்டுல ரெண்டு ஓரத்துலயும் தடிப்பா கோடு போட்டிருக்காங்க. நூறுக்கு நாலு, ஐநூறுக்கு அஞ்சு. தடவினா தெரியும்."

அவர் சிரித்தார். "பேங்க்லேந்து நேரா எங்கிட்ட வந்தா தெர்யும். மீன் கடை, பஸ் கண்டக்டரு, லாரி டிரைவர் பனியன் பாக்கெட்டு, எல்லாம் சுத்தினு வர்ற நோட்டுல இன்னா கோடு கீது? கள்ளநோட்டுக்காரன் கண்ணு தெரிஞ்சவன ஏமாத்தக் கூடாதுன்னு மாத்துனாங்க. கரெக்டு. நான் அந்த லிஸ்ட்லயே இல்ல."

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

கஷ்டம் என்னவென்றால், புது நோட்டுகள் எல்லாம் ஒரே ஜாடை. குண்டு, ஒல்லி என்ற பேச்சுக்கே இடமில்லை. நூறுக்கும் இருநூறுக்கும் நீளத்தில் நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இருநூறுக்கும் ஐநூறுக்கும் இன்னொரு நாலு. இதில் பழைய நோட்டுகளும் செல்லும் என்பதால் அவையும் கூட்டத்தோடு கூட்டமாக வந்துகொண்டிருந்தன. ஒரு மூச்சில் முடிந்த காரியத்துக்கு அவருக்கு இப்போது ஒரு நிமிடம் பிடித்தது. நீவுவார், திருப்பி நீவுவார், மறுபடியும் முதலிலிருந்து. அதற்குள் ஸ்டேஷன் வந்துவிடும். "சீக்கிரம் குடுபா, எறங்கணும்" என்று கத்துவார்கள். அவர் பதறி ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுப்பார்.

சிலர் கூடுதலாக வந்த பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். "ஐயோ பாவம், ஜாஸ்தி குடுத்துட்டீங்க" என்பார்கள். அவர் நன்றி சொல்லாமல் வாங்கிக்கொள்வார். திருப்பிக் கொடுக்காமல் போனவனைவிட, பாவம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தவன்மீதுதான் அவருக்கு அதிக ஆத்திரம் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். அப்போதும் 'இது எவ்வளவு?' என்று கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் புகுந்தேன். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துப் புகுந்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரே மாதிரி உறுப்பை ஆயிரக்கணக்கில் சோதிக்க ஒவ்வொன்றையும் அளந்துகொண்டிருக்க மாட்டோம். அளவுத் தகடு ஒன்று செய்து வைத்துக்கொள்வோம். அதில் பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் தள்ளு. அதே யோசனையில், துருப்பிடிக்காத எஃகில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தகடு வெட்டினேன். ஒரு முனையில் நோட்டைப் பிடித்து நிறுத்த ஒரு தடுப்பு. மறு பக்கத்தில் ஒவ்வொரு நோட்டும் முடிகிற இடத்தில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குப் பக்கத்தில் புள்ளிகள்: பத்துக்கு ஒன்று, இருபதுக்கு இரண்டு என்று வரிசையாக. நோட்டைத் தடுப்பில் முட்ட வைத்து, அதன் முனையோடு நகத்தை ஓட்டினால் நகம் சரியான பள்ளத்தில் விழும். புள்ளியை எண்ணினால் நோட்டு தெரிந்துவிடும். கம்பெனி காசாளரிடம் ஒவ்வொரு புது நோட்டிலும் ஒன்று கடன் வாங்கி, வெர்னியரில் அளந்து, வரைபடம் போட்டு, மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்தேன். புது நோட்டுகள் அத்தனைக்கும் நீளம் வேறு வேறு. ஆகவே நீளம் ஒன்றை அளந்தால் போதும், அகலம் தேவையில்லை என்று முடிவு செய்தேன்.

அவர் அதை வாங்கித் தடவிப் பார்த்தபோது முகம் மாறியதை நான் மறக்கவில்லை. பள்ளங்களை ஒவ்வொன்றாக நகத்தால் எண்ணினார். "ஸ்டீலா நைனா? எனக்குன்னே பண்ணியா?" என்றார். வளையத்திலிருந்து ஒரு நகவெட்டியைக் கழற்றி என் சட்டைப் பையில் திணித்தார். வேண்டாம் என்றேன். "சொம்மா வாங்கற பழக்கம் இல்ல" என்றார். பெட்டியில் சிலர் கைதட்டினார்கள். எனக்கு அன்று முழுக்க தலை கனத்திருந்தது. வீட்டில் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மூன்று வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அவர் பழைய வேகத்துக்கு வந்துவிட்டார். பழைய குரலும் வந்துவிட்டது.

பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். கும்மிடிப்பூண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறோம். எதிர் சீட்டில் முரளி. அவரைக் கூப்பிட்டு நூறு ரூபாய் சார்ஜர் ஒயர் ஒன்று கேட்டான். பாக்கெட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். பழைய இருபது ரூபாய் நோட்டு. ஒல்லி இருபது.

அவர் தகட்டில் வைத்தார். நகத்தை ஓட்டினார். அது ஒரு பள்ளத்தில் விழுந்தது. புள்ளியை எண்ணினார். பிறகு என்ன தோன்றியதோ, நோட்டைத் தகட்டிலிருந்து எடுத்துக் கட்டைவிரலால் குறுக்கே தடவினார். நின்றார். தலையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். முரளி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கி, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பக்கத்தில் இரண்டு மூன்று பேர் களுக்கென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் வந்தது என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். கூட்டத்தோடு வருகிற சிரிப்பு. நான் சிரித்தேன், சத்தமாகவே சிரித்தேன். இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அவர் ஒயரைக் கழற்றிக் கொடுத்து, நூறு ரூபாய் பாக்கியும் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

பொன்னேரி பிளாட்பாரத்தில் முரளி என் தோளில் தட்டினான். "ஒன் தகடு சூப்பர்பா. பழைய இருபத எரநூறுன்னு சொல்லுது. பத்து நாளா ஓடினு கீது."

"பத்து நாளாவா?"

"பொட்டில பாதிப் பேருக்குத் தெர்யும். ஊட்ல உண்டியல் ஒடச்சு பழைய இருபதா பொறுக்கினு வரானுங்க."

"திருப்பிக் குடுத்துடு முரளி. பாவம்டா."

"அட போப்பா. அந்தாளு நம்மள வுட ஜாஸ்தி சம்பாரிக்கறான். அவன் கெத்த பாத்தல்ல?"

வீட்டுக்குப் போய் முதல் வேலையாகப் பழைய இருபதைத் தேடி எடுத்து அளந்தேன். நீளம் நூற்று நாற்பத்தேழு மில்லிமீட்டர். புது இருநூறு நூற்று நாற்பத்தாறு. நகம் விழ வசதியாக இருக்கட்டும் என்று பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாகவே வெட்டியிருந்தேன். இரண்டும் ஒரே பள்ளத்தில் விழும். பழைய ஐம்பதுக்கும் அதே நீளம்தான், ஆனால் அந்தக் குண்டு உடம்பு எந்தக் கைக்கும் தெரிந்துவிடும். ஒல்லி இருபது அப்படியில்லை. இருநூறைவிட மூன்று மில்லிமீட்டர்தான் அகலம் குறைவு. நான் பழைய நோட்டு ஒன்றைக்கூட அளக்கவில்லை. பழைய நோட்டு என்று ஒன்று ஊரில் இருக்கிறது என்பதே அந்த மூன்று நாளும் என் மண்டையில் ஏறவில்லை. ஒரு மில்லிமீட்டருக்காகப் பட்டறை ஆட்களின் சரக்கைத் தூக்கிப் போட்டவன் நான்.

கள்ளநோட்டுக்காரனுக்குப் பயந்துதான் நாடு நோட்டை மாற்றுகிறது என்று அவருக்குப் பாடம் எடுத்தேன் அல்லவா? எங்கள் பெட்டியில் கள்ளநோட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நல்ல நோட்டு. அதை வைத்தேதான் அவரைத் தீர்த்தோம்.

மறுநாள் காலையில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன். வெள்ளிக்கிழமை காலை அவர் மூன்றடி தூரத்தில் நின்றார். 'தகடு தப்பு' என்று சொன்னால், ஏன் தப்பு, யார் செய்த தப்பு என்று பெட்டி முழுக்கத் தெரியும். பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். கண் தெரியாதவருக்கு முன்னால் பேப்பரில் ஒளிந்துகொண்ட அறிவாளி உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சனிக்கிழமை அவர் இரண்டு வரிசை தள்ளி இருந்தார். எழுந்துபோகக் கூட்டமாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒன்றும் கூட்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் சென்னையில் பாரிஸ் கார்னருக்குச் சரக்கு எடுக்கப் போனார். திங்களும் செவ்வாயும் ரயிலில் இல்லை. புதன்கிழமை வந்தார். வளையத்தில் நாலைந்து சீப்பும் ஒரு கொத்துச் சாவிவளையமும்தான் இருந்தன. குரல் கொடுக்கவில்லை. நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் ரயிலில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"கடைக்காரரு எண்ணினாரு சார். எரநூறுன்னு கட்டி வெச்சிருந்த கட்டு. பதினெட்டு நோட்டு. அதுல பதினாலு இருபதாம்."

சார் என்றார். எட்டு வருடத்தில் முதல் தடவை.

"சரக்கெடுக்கற டப்பு அது. அவரு கடன் குடுக்க மாட்டாரு. கீற காசுக்கு இத்த எடுத்துனு வந்தேன்."

"அண்ணா, தகடுல ஒரு தப்பு நடந்துபோச்சு. நீளம் மட்டும்தான் எடுத்தேன். அகலத்த விட்டுட்டேன்" என்றேன். எனக்கு இப்போதுதான் தெரிந்ததுபோலச் சொன்னேன்.

"அது தெர்யும் சார். வெரலு மொத நோட்டுலயே சொல்லிச்சு, இது ஒல்லி, இருபதுன்னு. தகடு எரநூறுன்னுது. கம்பெனில அளவு பாக்கறவரு, மெஷின்ல வெச்சு அளந்து குடுத்துகீறாரு. கெழட்டு வெரலுதான் தப்பா சொல்லுதுன்னு நெனச்சேன்."

அந்த நேரத்திலும் புத்தி போன போக்கைப் பாருங்கள், தப்பை அவர் மீதே தள்ளப் பார்த்தேன். "சந்தேகம் வந்துச்சுல்லண்ணா? யாரையாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேக்கலாம்னுதான் இருந்தேன். வியாயக்கெழம அந்த ஒயரு வித்தேன் பாருங்க, அப்ப உங்களாண்டயே கேட்டுடலாம்னு வாய் வரிக்கும் வந்துது. நீங்க சிரிச்சீங்க. உங்க சிரிப்பு எனக்குத் தெர்யும் சார். இவரு சிரிச்சினு கீறாரு, அப்ப எல்லாம் சரியாத்தான் கீதுன்னு பாக்கிய குடுத்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

எவ்வளவு நஷ்டமோ நான் தருகிறேன் என்று சட்டைப் பையில் கையை விட்டேன். "வேணாம் சார்" என்று என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். எதிரே முரளி ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி முழுக்க அன்று ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தது. வயலைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. கவரைப்பேட்டை வந்ததும் அவர் தகட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகும் சில மாதம் வந்தார். சரக்கு குறைந்துகொண்டே போனது. பத்து ரூபாய்ச் சாமான் மட்டும் விற்றார், சில்லறைக் காசாகக் கொடுத்தால்தான் வாங்கினார். யாரிடம் பத்து ரூபாய்க்குக் காசு இருக்கிறது? முரளி உட்பட ஒருவனும் ஒரு ரூபாய் திருப்பிக் கொடுக்கவில்லை. பிறகு கொரோனா வந்து ரயிலே நின்றது. ஓடத் தொடங்கியபோது அவர் இல்லை. கொரோனாவில் எத்தனையோ பேர் பிழைப்பு போயிற்று, அதில் அவருடையதும் போயிற்று என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வசதி கிடைத்தது. கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் கையில் முதல் போடப் பணம் இருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். ஊனமுற்ற கால்களோடு கடலைமிட்டாய் விற்கிறவர் வந்தார், சுண்டல்காரம்மா வந்தார். இப்போது அவர்கள் கழுத்தில் ஸ்கேன் செய்கிற அட்டை தொங்குகிறது. நோட்டைத் தடவிப் பார்க்கிற வேலையே யாருக்கும் இல்லை.

போன வருடம் ஒரு சம்பள நாள் சாயங்காலம், பொன்னேரி ஸ்டேஷனில் நடைமேம்பாலத்துக்குக் கீழே அவரைப் பார்த்தேன். தோளில் வளையம் இல்லை. தாடி வெளுத்திருந்தது. கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார், வலது கை முழங்கால் மேல் மல்லாந்து கிடந்தது. போகிற ஒரு பெண் அதில் இரண்டு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போனாள். விரல்கள் மூடிக்கொண்டன.

பேசாமல் தாண்டிப் போய்விடலாம். முன்பு போல ஒளிந்துகொள்ளப் பேப்பர்கூட வேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அப்படித்தான் நாலு படி ஏறினேன். திரும்பி இறங்கினேன். "அண்ணா, நான்தான்" என்றேன். அவர் முகம் என் பக்கம் திரும்பியது. "சொல்லுங்க சார்" என்றார். நலமா என்று கேட்டேன். "கீறேன் சார்" என்றார்.

அப்போதுதான் ஏ.டி.எம். மெஷினில் எடுத்திருந்த ஒரு ஐநூறு ரூபாய் நோட்டை அவர் கையில் வைத்தேன். மொடமொடவென்று புதுசு. ஓரத்தில் ஐந்து கோடுகளும் தடிப்பாக, இன்னும் தேயாமல் இருந்தன. இடது கையை விரிப்பார், நடுவிரல் நுனியில் வைப்பார், நீவுவார் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு என்று தெரிந்ததும் "சொம்மா வாங்கற பழக்கம் இல்ல" என்று என் முகத்தில் விட்டெறிவார் என்றும், எறிந்தால் நன்றாக இருக்கும் என்றும் மனசு அடித்துக்கொண்டது.

அவர் நோட்டை அப்படியே நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஐநூறு ரூபாண்ணா" என்றேன்.

"எதுவா இருந்தா இன்னா சார்" என்றார். கை மறுபடியும் முழங்கால் மேல் போய் மல்லாந்தது.